பசைத் தொட்டியில் விழுந்த ரிவால்வர்

காவலாளியைக் கோர்ட்டில் நிறுத்த இன்னும் இருபத்து மூன்று மணி நேரம் இருந்தது. கடிகாரத்தைப் பார்க்காமலே அவன் தங்கை அதைச் சொன்னாள்.

"நாளைக்குக் காலைல டீச்சர். அதுக்குள்ள எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும்."

வேதியியல் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டுத் துப்பறிய வந்து வெகுகாலம் ஆகியும் டீச்சரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய உதவியாளனுக்கு ரேடியோ என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. ஏன் வைத்தார்கள் என்பது அவன் வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.

"கேளுங்க" என்றார் டீச்சர்.

"பசையில விழுந்து எடுத்த துப்பாக்கி வெடிக்குமா, வெடிக்காதா?"

ஒற்றை அறை வீடு. முன்பாதிதான் தையல் கடை. ஜன்னலோரம் மிஷின், அதன் மேலேயே போன், பக்கத்தில் நூல்கண்டு அலமாரி. ஊசிக்குக் கீழே ஒரு வெள்ளைச் சட்டை கிடந்தது. அதற்கு ஒரு கைதான் இருந்தது. இன்னொரு கை குண்டூசி குத்தியபடி மேஜையில் தனியாகக் கிடந்தது.

"இந்தச் சட்டைக்கு ஒரு கை போதுமா?" என்றான் ரேடியோ.

டீச்சர் அவன் காலை மிதித்தார். அவள் ஒரு துணியை எடுத்துச் சட்டைமேல் போட்டு மூடினாள்.

"அன்னிக்குத் தைச்சிட்டு இருந்தது" என்றாள்.

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். இரண்டு தெரு தள்ளிப் புத்தகம் கட்டும் ஆலை ஒன்று இருக்கிறது. வாரா வாரம் அதன் வசூல் பையை வேனில் ஏற்றி பேங்கில் சேர்ப்பது ஒரு பாதுகாப்புக் கம்பெனியின் வேலை. வேன் ஓட்டியவன் இவள் கணவன். காவலுக்குப் போனவன் இவள் அண்ணன். போன வெள்ளிக்கிழமை காலை அவர்கள் பையை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பசை காய்ச்சும் கூடத்தில் இரண்டு பேர் இரும்புக் கம்பியோடு குறுக்கே வந்தார்கள். தள்ளுமுள்ளில் காவலாளியின் ரிவால்வர் பசைத் தொட்டியில் விழுந்தது. கையை முழங்கை வரை உள்ளே விட்டு எடுத்தான். நீட்டினான். அழுத்தினேன், வெடிக்கவில்லை என்பது அவன் வாக்குமூலம். கம்பி ஓட்டுநரின் தலையில் இறங்கியது. திருடர்கள் பையோடு ஓடிவிட்டார்கள். காகிதம் மடிக்கும் வேலைக்காரம்மா ஒருத்தி மேஜைக்கு அடியில் ஒளிந்து தப்பினாள். இவள் கணவன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

போலீஸ் அந்த ரிவால்வரைக் கழுவி, துடைத்து, சுட்டுப் பார்த்தது. வெடித்தது. அதிலிருந்து எடுத்த ஆறு குண்டுகளின் அடியிலும் விசையை அழுத்தினால் இறங்கும் சுத்தியல் பட்ட தடமே இல்லை. அப்படியென்றால் காவலாளி அழுத்தவே இல்லை. திருடர்களோடு கூட்டு. இன்ஸ்பெக்டருக்குக் கணக்கு நேராக வந்துவிட்டது.

"கழுவினா வெடிக்கும்தான்" என்றாள் தங்கை. "கழுவாத துப்பாக்கி? அதை யாரும் சுட்டுப் பார்க்கலையே. பசை போய் அடைச்சிருந்தா சுத்தியல் எப்படி அடிக்கும்?"

"உங்க அண்ணன் என்ன சொல்றார்?"

"பேசவே மாட்டேங்கிறாரு. பார்க்கப் போனா சுவர் பக்கம் திரும்பிக்கிறாரு."

"வெள்ளிக்கிழமை இங்க வந்தாரா?"

"தினம் வருவாரு. இங்க சாப்பிட்டுத்தான் எங்க வீட்டுக்காரர்கூட வேன்ல ஏறுவாரு."

டீச்சர் கதவின் பின்பக்கத்தைப் பார்த்தார். இடுப்பு உயரத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று இருந்தது. அதற்கு நேர் மேலே, நிலைக்குப் பக்கத்தில், புது ஆணி ஒன்று. ரேடியோ எட்டிப் பார்த்தான். கால்விரலில் நின்றால்தான் தொட முடிந்தது.

"இது யாருக்கு, ஒட்டகச்சிவிங்கிக்கா?"

"அண்ணனோட பெல்ட்டுக்கு."

அதற்குள் மூலையில் ஏதோ உருண்டது. நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஸ்டூலில் ஏறி, அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை இழுத்திருந்தது. தாய் பாய்ந்து பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் டப்பா கனத்த குரலில் ஒருமுறை குலுங்கியது. அதை அலமாரியின் உச்சியில், கூரையை ஒட்டி வைத்தாள். குழந்தை அழவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக இறங்கியது.

"பட்டன் டப்பா" என்றாள் யாரும் கேட்காமலே.

"பட்டனா? யானைச் சட்டை தைக்கிறீங்களா?"

"பெரிய பட்டன். கோட்டுக்கு."

அவள் சிரிக்கவில்லை. டீச்சரும் சிரிக்கவில்லை.

தெருவுக்கு வந்ததும் ரேடியோ சொன்னான்: "டீச்சர், நான் சொன்ன மூணு ஜோக்கும் செத்துப் போச்சு. என் வேலைக்கே ஆபத்து."

"ஒண்ணு கவனிச்சியா? தங்கச்சியா இருந்தா என்ன கேக்கணும்? எங்க அண்ணன் கூட்டா இல்லையான்னு கேக்கணும். இவ துப்பாக்கி வெடிக்குமான்னு கேக்குறா."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணா இருந்தா நல்லது" என்றார் டீச்சர்.

*

பாதுகாப்புக் கம்பெனியின் சுடும் பயிற்சிக் கொட்டகை ஒரு பழைய மரக்கிடங்குக்குப் பின்னால் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் கர்னல் என்றார்கள். அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. மீசை மட்டும் இருந்தது. துப்பாக்கிகளையும் குண்டுகளையும் காவலாளிகளுக்கு எடுத்துக் கொடுப்பவர் அவர்தான்.

ரேடியோ மேஜையில் வரிசையாக நான்கு வாளிகளை வைத்தான். சேறு, வண்டி கிரீஸ், சோப்புக் குழம்பு, கடைசியில் ஆலையிலிருந்தே வாங்கிவந்த மாவுப் பசை.

கர்னலின் மீசை துடித்தது. "என்னங்க இது? நான் துப்பாக்கி தர்றேன்னுதான் சொன்னேன். பலகாரம் பண்ணத் தர்றேன்னு சொல்லலையே."

"முகப்பூச்சு சார்" என்றான் ரேடியோ. "ஒரு மணி நேரம் ஊறவிட்டா பளபளன்னு ஆயிடும்."

"பசையில விழுந்த துப்பாக்கிக்குச் சேறு எதுக்கு?"

"பசையில மட்டும் முக்கிப் பார்த்து வெடிக்கலைன்னா, அது பசையோட குத்தமா, உங்க துப்பாக்கியோட குத்தமான்னு எப்படிச் சொல்றது?" என்றார் டீச்சர். "பக்கத்துல வெச்சுப் பார்க்க வேற ஏதாவது வேணும்."

"என் துப்பாக்கியில குத்தமா!" என்றார் கர்னல். துப்பாக்கியை எடுத்து மேஜையில் வைத்தார்.

காவலாளியின் ரிவால்வரும் இதுவும் ஒரே வகை. உருளையில் ஆறு குழி, குழிக்கு ஒரு குண்டு. கர்னல் குண்டுகளைப் போட்டு மூடினார். முக்கி, எடுத்து, இரண்டு உதறு உதறி, பட்டறை மேஜையின் இரும்புப் பிடியில் இறுக்கினார். விசையில் ஒரு கயிற்றைக் கட்டினார். மூன்று பேரும் மணல்மூட்டைக்குப் பின்னால் போனார்கள்.

"குழாய்க்குள்ள அடைச்சிருந்தா பின்னாடியும் வெடிக்கும்" என்றார் கர்னல். "கையில பிடிச்சுச் சுட நான் என்ன லூசா?"

கிரீஸில் வெடித்தது. சோப்பில் வெடித்தது, கூடவே நுரையும் பறந்தது. சேற்றில் முதல் குண்டு வெடித்தது. இரண்டாவதற்குக் கயிற்றை இழுத்தபோது உருளை நறநறவென்று பல்லைக் கடித்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டது.

"சிக்கிடுச்சு!" ரேடியோ துள்ளினான். "டீச்சர், சிக்கிடுச்சு! சேத்துலயே இப்படின்னா, பசைன்னா கேக்கவே வேண்டாம். அந்த அண்ணன் நாளைக்கே வீட்டுக்குப் போறாரு."

"சேத்துல மணல் இருக்கு. அது உரசும்" என்றார் டீச்சர். ஆனால் அவர் குரலிலும் ஓர் ஆசை இருந்தது.

கர்னல் துப்பாக்கியைக் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டார். புதுக் குண்டுகள் போட்டார். பசை வாளிக்குள் அது சத்தமில்லாமல் இறங்கியது. எடுத்தபோது துப்பாக்கி மாதிரியே தெரியவில்லை. வெள்ளையாக, மொழுக்கென்று, குழந்தை களிமண்ணில் பிடித்த ஏதோ ஒன்றைப்போல இருந்தது.

கர்னல் கயிற்றை இழுத்தார்.

வெடித்தது.

மறுபடி இழுத்தார். வெடித்தது. உருளை வெண்ணெயில் சுழல்வதுபோலச் சுழன்றது. ஆறும் வெடித்தன. பசையை அரைகுறையாகக் காயவிட்டு இன்னொரு முறை பார்த்தார்கள். சுத்தியல் கொஞ்சம் சோம்பலாக இறங்கியது. ஆனாலும் அடித்தது. ஆனாலும் வெடித்தது.

ரேடியோ மணல்மூட்டைமேல் உட்கார்ந்தான்.

"நாம இதைச் செஞ்சிருக்க வேண்டாம் டீச்சர்" என்றான். "அந்தம்மா தன் அண்ணனைக் காப்பாத்தக் கூப்பிட்டாங்க. நாம வாளியெல்லாம் தூக்கிட்டு வந்து, அவர் கழுத்துல கயித்தை மாட்டியிருக்கோம்."

டீச்சர் தன் கைகளைப் பார்த்தார். அவற்றிலும் பசை இருந்தது.

"கர்னல், இன்னொரு தடவை பசையில முக்குங்க. ஆனா சுட வேண்டாம். குண்டை வெளிய எடுங்க."

"சுடாம எதுக்கு?"

"அங்கேயும் யாரும் சுடலையே."

கர்னல் ஒரு செய்தித்தாளை விரித்து, உருளையைத் திறந்து தட்டினார். ஆறு குண்டுகளும் விழுந்தன. டீச்சர் அவற்றைப் படுக்கவைத்து வரிசையாக்கினார். தலையில் பசை. அடியில் பசை. நடு உடம்பில் மட்டும் பித்தளை பளபளவென்று இருந்தது.

"குழிக்குள்ள இறுக்கமா உக்காந்திருந்ததுல்ல, பக்கவாட்டுல பசை போக இடமில்ல" என்றார் கர்னல்.

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். இன்ஸ்பெக்டர் கொடுத்தது. காவலாளியின் ரிவால்வரைக் கழுவுவதற்கு முன்னால் அதிலிருந்து எடுத்த ஆறு குண்டுகள், ஒரு காகிதத்தில் படுத்திருந்தன. அவற்றின் உடம்பெல்லாம் வெள்ளையாகப் பசை அப்பியிருந்தது. அடியில் மட்டும் பித்தளை தெரிந்தது. ஒவ்வோர் அடியிலும் ஒரு கட்டைவிரல் தடம்.

ரேடியோ இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்படியே தலைகீழா இருக்கே."

"ஏன்?"

"பசை குண்டைத் தேடிப் போகல." அவன் மெதுவாகச் சொன்னான். "பசை இருந்த குழிக்குள்ள குண்டு போயிருக்கு."

டீச்சர் காலி ரிவால்வரைப் பசையில் முக்கச் சொன்னார். தன் பசைக் கையாலேயே ஆறு குண்டுகளைக் குழிகளில் தள்ளி, கட்டைவிரலால் அழுத்தினார். திறந்து கொட்டினார். போட்டோவில் இருந்தவற்றை அச்சு எடுத்த மாதிரி இருந்தன.

"தொட்டியில விழுந்தப்ப துப்பாக்கியில குண்டே இல்ல" என்றார். "எல்லாம் முடிஞ்ச பிறகு, போலீஸ் வர்றதுக்குள்ள, பசைக் கையோட அவர் போட்டிருக்கார்."

கர்னல் யோசனையோடு, கொட்டிக் காலியான ரிவால்வரின் விசையை அழுத்தினார். டிக் என்றது.

ரேடியோ எழுந்து நின்றான். "இதுதான்! மேஜைக்கு அடியில ஒளிஞ்சிருந்த அந்த மடிப்பு வேலைக்காரம்மா போலீஸ்ல சொன்னது. டிக், டிக்னு ரெண்டு சத்தம் கேட்டுச்சுன்னு. இன்ஸ்பெக்டர் அது கடிகாரம்னு சொல்லிட்டாரு!"

"ஆக, அவர் அழுத்தியிருக்கார்" என்றார் டீச்சர். "ரெண்டு தடவை."

கொட்டகையில் இருந்த காற்றே இளகிய மாதிரி இருந்தது. கர்னல் மட்டும் மீசையைத் தடவினார்.

"ஆனா ஒண்ணு இடிக்குதே. நான் ஆளுக்குப் பன்னிரண்டு தருவேன். துப்பாக்கியில ஆறு, பெல்ட்டுல ஆறு. என் கையால தர்றேன். பசைக் கையோட போட்டது பெல்ட்டுல இருந்த ஆறுன்னா, துப்பாக்கியில முதல்ல இருந்த ஆறு எங்க?"

*

இன்ஸ்பெக்டர் பத்து நிமிடம் கொடுத்தார். லாக்கப்பில் காவலாளி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பெரிய உடம்பு. அதை மடித்து மூலையில் வைத்தது மாதிரி இருந்தான். நகக்கண்களில் பசை காய்ந்து செதில் செதிலாக நின்றது. ஒரு வாரமாகக் கையை அவன் சரியாகக் கழுவவே இல்லை.

"நீங்க அழுத்தினீங்க" என்றார் டீச்சர். "ரெண்டு தடவை."

அவன் முதன்முறையாகத் திரும்பினான். ஒரு வாரத்தில் யாராவது அவனை நம்பியது அதுதான் முதல் தடவை. முகம் மலர்ந்தது.

"ஆனா உள்ள குண்டு இல்ல."

மலர்ந்தது அப்படியே மூடிக்கொண்டது.

"யாரு சொன்னா?"

"பசை சொல்லிச்சு" என்றான் ரேடியோ. "எங்க டீச்சர்கிட்ட எதுவும் வாய மூடிட்டு இருக்க முடியாதுண்ணே. நான் ஒருத்தன் தவிர. நான் எப்பவுமே மூடினதில்ல."

காவலாளி தன் கையைப் பார்த்தான். "சரி. நான்தான் குண்டு போட மறந்துட்டேன். வெறும் துப்பாக்கியோட போயிட்டேன். அப்புறம் பயந்து போய் பெல்ட்டுல இருந்ததை எடுத்துப் போட்டேன். எழுதிக்கோங்க. என் மச்சான் செத்ததுக்கு நான்தான் காரணம்."

"அப்ப துப்பாக்கியில இருந்த ஆறு?"

"தொலைஞ்சு போச்சு."

"எங்க?"

"தெரியல."

"வழக்கமா துப்பாக்கியில குண்டு போடுறது யாரு? நீங்களா?"

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பசங்களுக்குப் பரீட்சை வெச்சவங்கதானே நீங்க? எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதியே ஆகணுமா டீச்சர்? ஒண்ணை விட்டுட்டுப் போங்களேன்."

"விட்டுட்டா உங்களைக் கூட்டாளின்னு சொல்லி உள்ள போடுவாங்க."

"போடட்டும். அவன் போயிட்டான். மிச்சம் இருக்கிறது ரெண்டு பேரு. அதுல ஒண்ணு இத்தனூண்டு." கையை முழங்கால் உயரத்தில் காட்டினான். "அது பெரிசானா, மாமா பொறுக்கின்னு நினைச்சுட்டுப் போகட்டும். வேற எதுவும் தெரிய வேண்டாம்."

வெளியே வந்து நடக்கும்போது ரேடியோ சொன்னான்.

"டீச்சர், ஒட்டகச்சிவிங்கி ஆணி."

"ம்."

"கீழ இருந்த ஓட்டை குழந்தைக்கு எட்டும்."

"ம்."

"யானைச் சட்டைப் பட்டன்." அவன் நின்றான். "நான் ஜோக்குதான் அடிச்சேன். நிஜமாவே ஜோக்குதான் அடிச்சேன். அந்தம்மா முகத்துல எப்படி முழிக்கிறது? வெடிக்கலைன்னு சொல்லிடலாமே. பசை அடைச்சுடுச்சுன்னு சொன்னா அவங்களுக்கும் நிம்மதி. அவருக்கும் விடுதலை. நமக்கு யாரு கேக்கப் போறா?"

"கோர்ட்டுல அவங்களே ஒரு துப்பாக்கியைப் பசையில முக்கிக் காட்டுவாங்க. அப்ப வெடிக்கும்." டீச்சர் நடையை நிறுத்தவில்லை. "எனக்கும் சொல்லப் பிடிக்கல ரேடியோ. ஆனா பூசி மெழுகினா நாம மூணாவதா ஒருத்தரைக் கெடுப்போம்."

"யாரை?"

"அவளைத்தான். இப்பவே பாதி கெட்டுப் போயிருக்கா."

*

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக மிஷின்மேல் விழுந்திருந்தது. குழந்தை வெட்டுத்துணிக் குவியலில் தூங்கிக்கொண்டிருந்தது. மிஷினிலிருந்த சட்டை இன்னும் மூடியே இருந்தது.

அவர்கள் உட்காரும் வரைகூட அவள் பொறுக்கவில்லை. "என்ன ஆச்சு?"

"வெடிச்சுது" என்றார் டீச்சர்.

"எத்தனை தடவை பார்த்தீங்க?"

"ஈரத்துலயும் பார்த்தோம். காயவிட்டும் பார்த்தோம். ஒரு தடவைகூடத் தப்பல. சேத்துல மட்டும்தான் சிக்கிச்சு."

"சேறுன்னா சிக்குமா?" அவள் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஆலை வாசல்லயும் சேறு இருக்கும் டீச்சர். ஒருவேளை பசையில கொஞ்சம் சேறு கலந்து..."

"இல்லம்மா."

அவள் கைகள் மடியில் விழுந்தன.

"உங்க அண்ணன் அழுத்தியிருக்கார்" என்றார் டீச்சர். "அவர் கூட்டாளி இல்ல. அதை நான் நிரூபிச்சுடுவேன். துப்பாக்கியில குண்டு இல்ல, அதான் வெடிக்கல." பிறகு ரேடியோவைப் பார்த்தார்.

ரேடியோ ஸ்டூலில் ஏறி, அலமாரி உச்சியிலிருந்து டப்பாவை இறக்கினான். குலுங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தான். திறக்கவில்லை. ஜன்னலோரம் போய் நின்றான்.

அவளே மூடியைத் திறந்தாள். வெள்ளைப் பட்டன், நீலப் பட்டன், கொக்கிகள். அவற்றுக்கு நடுவே ஆறு குண்டுகள்.

"மழைக்கு முன்னாடி ஒருநாள்" என்றாள். "நான் மிஷின்ல இருக்கேன். திரும்பிப் பார்த்தா பாப்பா கையில துப்பாக்கி. ரெண்டு கட்டைவிரலும் அந்த வளையத்துக்குள்ள. என்னைப் பார்த்துச் சிரிக்குது. பாய்ஞ்சு போய்ப் பிடுங்கினேன். அண்ணன் அன்னிக்கே ஆணியை மேல அடிச்சாரு. எனக்குப் பத்தல. அப்புறம் தினம், அவர் சாப்பிட உக்கார்ந்ததும் குண்டை எடுத்து இந்த டப்பாவுல போட்டுடுவேன். கிளம்புறப்ப நானே திரும்பப் போட்டு பெல்ட்டைக் கையில கொடுப்பேன். அவரே சொல்லிக் கொடுத்தாரு, எப்படித் திறக்கணும், எப்படி மூடணும்னு. கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு சொல்லிச் சிரிப்பாரு. நான் கொடுத்தா திறந்துகூடப் பார்க்க மாட்டாரு. என் கைன்னா அவ்வளவு நம்பிக்கை."

"வெள்ளிக்கிழமை?"

"எங்க வீட்டுக்காரரு வெளிய ஹாரன் அடிச்சிட்டே இருந்தாரு. சட்டை கேட்டு ஒருத்தரு வேற வந்து வாசல்ல நிக்கிறாரு. அண்ணன் தானே எட்டி பெல்ட்டை எடுத்துட்டு ஓடினாரு."

"உங்க அண்ணன் ஆலையில துப்பாக்கியைத் திறந்து பார்த்த அந்த நிமிஷமே இதைப் புரிஞ்சுக்கிட்டார்" என்றார் டீச்சர். "அதான் வேற குண்டு போட்டார். அதான் சுவர் பக்கம் திரும்பிக்கிறார். உங்களைப் பார்க்கப் பிடிக்காம இல்ல. பார்த்தா எங்க வாயில வந்துடுமோன்னு."

அவள் அழுதாள். சத்தம் வராமல், குழந்தை எழுந்துவிடாமல் அழுதாள்.

"நான் போட்டுக் கொடுக்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும். இருந்தாலும் பசையால வெடிக்காதுன்னு நீங்க சொல்லிட்டா, குண்டு இருந்திருந்தாலும் அவரு போயிருப்பாரு, இல்லாட்டியும் போயிருப்பாருன்னு..." அவளால் முடிக்க முடியவில்லை.

டீச்சர் அவள் தோளில் கை வைத்தார். பழக்கமில்லாத கை, கொஞ்சம் தயங்கியே இறங்கியது.

"பாருங்க, அவசரத்துல நடந்தது. மறந்துட்டீங்க. அவரும் பார்க்க மறந்துட்டார். மறதிக்கு யாரும் தூக்குப் போட மாட்டாங்க. கோர்ட்டுல நானே வந்து சொல்றேன். குழந்தைக்காகச் செஞ்சது, ஒரே ஒருநாள் மறந்துபோச்சுன்னு."

"அண்ணனும் அப்படித்தான் நினைச்சிட்டு இருக்காரு" என்றாள்.

எழுந்து மிஷினுக்குப் போனாள். மூடியிருந்த துணியை விலக்கினாள். சட்டையை எடுத்து, தைத்திருந்த அந்த ஒரு கையை விரித்துப் பிடித்தாள். வெயிலில் தையல் தெளிவாகத் தெரிந்தது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை, ஓர் இடத்திலும் பிசகாமல், நேராக.

ஜன்னலோரம் நின்ற ரேடியோ தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு முன்னமே புரிந்துவிட்டது போலிருந்தது.

"மறக்கல டீச்சர்" என்றாள் அவள். "வேன் தெருமுனை திரும்புறதுக்குள்ள, பட்டன் எடுக்க டப்பாவைத் தொட்டேன். கனமா இருந்துச்சு. போன் இதோ, இங்கேயே இருந்துச்சு. ஆனா ஊசி சட்டைக் கையோட பாதியில நின்னுச்சு, அப்படியே விட்டா துணி சுருங்கிடும். இந்தக் கையை முடிச்சிட்டுக் கூப்பிடலாம்னு உக்கார்ந்தேன். முடிச்சு நூலை வெட்டுறப்ப, போன் தானா அடிச்சுது."